ஆக்டிங் தாய்

சிங்கப்பூரில் சோளம் விளைவிக்க இடமேது என்று கேட்டுவிடாதீர்கள். சோளத்துக்கு இடம் இல்லாமல் இருக்கலாம். சோளத்துக்கென்று ஒரு வாரியம் வைக்க இடம் இருந்தது. கிராஞ்சியில், கோழிப் பண்ணைகளைத் தாண்டி, பஸ்காரன் நினைத்தால் வருகிற ஒரு சாலையின் கடைசியில், 'தானிய வம்ச மேம்பாட்டு வாரியம்' என்று நான்கு மொழிகளில் பலகை நட்டார்கள். பலகை போக மிஞ்சிய இடத்தில் மக்காச்சோளம் நட்டார்கள். அக்கம்பக்கத்தார் அவ்வளவு பெரிய பெயரை வாயில் போட்டுக்கொள்ளவில்லை. மலாய்க்காரர் சோளத்தைச் சொல்கிற பெயரில் ஜாகோங் ஆபீஸ் என்றார்கள், தீர்ந்தது.

அங்கே ஆம்ப்ரோஸுக்குப் பை கட்டும் வேலை. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சோளத்தின் சங்கதி அப்படி. செடியின் உச்சியில் ஆண் பூ, இடுப்பில் கதிர், கதிரின் நுனியில் பட்டு நூலாகத் தொங்கும் முடி. எந்தச் செடியின் தூள் அந்த முடியில் விழுகிறதோ அந்தச் செடிதான் மணிகளுக்குத் தகப்பன். காற்று இருக்கிறதே, அதற்கு மானம் ரோஷம் கிடையாது. எவன் தூளையும் எவள் தலையிலும் கொட்டிவிட்டுப் போய்விடும். அதனால் முடி எட்டிப் பார்க்கும் முன்பே கதிருக்குக் காகிதப் பையை மாட்டிவிட வேண்டும். பிறகு வேண்டிய தகப்பனின் தூளைக் கொட்டி, மறுபடி பையை இறுக்கிக் கட்ட வேண்டும். இதை ஆம்ப்ரோஸ் ஒரு குறை இல்லாமல் செய்துவந்தார்.

நாற்பது தாண்டியும் மனிதர் எந்த வேலையிலும் நிரந்தரமாக இருந்ததில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், ஜாலான் புசாரில் ஓர் இரும்புக் கடையில் நின்றார். எல்லாம் 'நாளைக்கு வா, பார்க்கலாம்' வேலைகள். இங்கேதான் முதல் தடவையாக, "அறுவடை முடியட்டும், கன்ஃபர்ம் பண்ணிடலாம்" என்று ஒரு டைரக்டரின் வாயிலிருந்து வந்திருந்தது. அந்த ஒரு சொல்லை அவர் மனைவி பிரிஜட், உட்லண்ட்ஸில் தங்கள் அடுக்குமாடி புளோக் முழுக்கவும், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு வருகிற அத்தனை பேரிடமும் சொல்லி முடித்திருந்தாள். இனி அது நடக்காவிட்டால் அவள் கோயில் வாசலை மிதிக்க முடியாது.

டைரக்டர் தனசேகரன் கெட்டவர் இல்லை. மேடை கிடைத்தால் இறங்கமாட்டார், அவ்வளவுதான். அது 1983. யார் யாரைக் கட்டினால் என்ன மாதிரிப் பிள்ளை பிறக்கும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம். படித்த பெண்களுக்குக் கல்யாணம் ஆகவில்லையாம், படிக்காதவர்கள் பெற்றுக்கொண்டே இருக்கிறார்களாம். பஸ்ஸில் அதே பேச்சு, காப்பிக் கடையில் அதே பேச்சு. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளத் தெரிந்த தனசேகரன், நல்ல வம்சம் என்றால் என்ன என்பதைச் சோளத்தை வைத்தே நிரூபிக்கப் புறப்பட்டார். வெளிநாட்டிலிருந்து ஒரு சோளத்தை வரவழைத்தார். மணி ஒவ்வொன்றும் மையில் முக்கி எடுத்தாற்போல் ஊதா. சாங்கி விமான நிலையத்தில் அந்த விதைப் பொட்டலத்துக்கு மாலை போட்டார். ஆரத்திக்கும் ஏற்பாடு செய்திருந்தார், விமான நிலையத்துக்குள் கற்பூரம் கொளுத்த விடவில்லை.

அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார். பெண், கிராஞ்சியிலேயே விளைந்த உள்ளூர்ச் சோளம், குட்டைச் செடி, வெளுத்த மணி. மாப்பிள்ளையின் தூளைப் பெண்ணின் முடியில் போட வேண்டும், ஊதாப் பிள்ளைகள் பிறக்க வேண்டும். திட்டம் மொத்தமும் இதுதான்.

"சார், மாப்பிள்ளைச் செடியிலயும் கதிரு வருது. அதை என்ன பண்ண?" என்று ஆம்ப்ரோஸ் ஒருநாள் கேட்டார்.

தனசேகரன் முகம் சுளித்தார். "மாப்பிள்ளை புள்ள பெத்துக்கறதா? நல்லாவா இருக்கு? கிள்ளிப் போட்டுடுங்க."

அன்றிலிருந்து மாப்பிள்ளை வரிசையில் பிஞ்சுக் கதிர் தலைகாட்டியதும் கிள்ளி எறிவதும் ஆம்ப்ரோஸின் வேலையாயிற்று. வெளிநாட்டிலிருந்து வந்த மாப்பிள்ளைக்கு இருக்கும் மரியாதை நம்மவர்களுக்குத் தெரியாததா!

கதிர் முற்றியதும் 'உரிப்பு விழா' நடந்தது. பந்தல் போட்டார்கள். வாரியத் தலைவர் கறுப்புக் காரில் வந்து இறங்கினார். தனசேகரன் தொண்டையைச் செருமினார்.

"பெரியோர்களே! விதையைப் பார்த்துத் தந்தையைச் சொல்லிவிடலாம். தந்தை உயர விதை உயரும். தாய் யார்? தாய் ஒரு பாத்திரம். பாத்திரம் சுத்தமாக இருந்தால் போதும், அதற்கு மேல் அது எதையும் செய்ய வேண்டியதில்லை. என் குடும்பத்திலும் அப்படித்தான். என் இல்லத்தரசி இதோ அமர்ந்திருக்கிறார், அவரையே கேட்டுக்கொள்ளலாம்."

இல்லத்தரசியை யாரும் கேட்கவில்லை. ஆம்ப்ரோஸ் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு முதல் கதிரை உரித்தார். உரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். மணிகள் ஊதா இல்லை. வெளுத்த மணியின் மேல் யாரோ மைப்பேனாவை உதறினாற்போல் புள்ளி புள்ளியாக இருந்தன. அடுத்த கதிரும் புள்ளி. அதற்கடுத்ததும் புள்ளி. தலைவர் ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"வெரி இன்ட்ரஸ்டிங்," என்றார்.

நம் ஊரில் ஒரு தலைவர் 'வெரி இன்ட்ரஸ்டிங்' என்றால் யாரோ ஒருவருக்குச் சீட்டுக் கிழிகிறது என்று அர்த்தம். தனசேகரனுக்கு வேர்த்துவிட்டது. தலைவரின் கார் வாசலைத் தாண்டியதும் அவர் ஆம்ப்ரோஸின் பக்கம் திரும்பிக் கேட்டார்: "இது யாரு புள்ளை?"

வாரியத்தில் 'தந்தைமை உறுதிக் குழு' ஒன்று பிறந்தது. தலைமை தனசேகரன். விசாரணைக்குப் பாதுகாப்பு அதிகாரி காதர் மைதீன். போலீஸில் துப்பறிந்து ஓய்வு பெற்றவர், பஞ்சு மாதிரிப் பேசுவார். மூன்றாவது ஆள் கண்மணி, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிற இளம் பெண். அந்த வாரியத்திலேயே செடிகளைப் பற்றிப் படித்திருந்த ஒரே ஆள் அவள். அதனால் அவளைக் கூட்டக் குறிப்பு எழுத வைத்தார்கள்.

முதலில் ஆம்ப்ரோஸைத்தான் கூப்பிட்டார்கள்.

"நாங்கள் யாரையும் சந்தேகப்படவில்லை," என்று தனசேகரன் மேடைக் குரலில் தொடங்கினார். "சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர் என்று எவரும் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்கிறோம்."

காதர் மைதீன் குனிந்து மெதுவாகக் கேட்டார். "பை கட்டுறப்ப அந்தப் பக்கம் யாராச்சும் வந்தாங்களா, ஆம்ப்ரோஸ்?"

"யாரும் வரல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கலா."

ஆம்ப்ரோஸ் நன்றாகவே யோசித்தார். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். அதெல்லாம் விசாரணை மேசைக்கு முன்னால் உட்காராதவர்கள் சொன்னது. "காத்து வந்துச்சு சார்," என்றார்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து?"

"ஜொகூர் பக்கத்துலேர்ந்து."

ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம், வேறு நாடு, மலேசியா. தனசேகரன் நாற்காலியை விட்டு எழுந்தார். "கவனித்தீர்களா! எல்லையைக் கடந்து வருகிற ஒவ்வொருவரும் உட்லண்ட்ஸில் வரிசையில் நின்று பாஸ்போர்ட் காட்டுகிறார்கள். நானும் காட்டுகிறேன். காற்று காட்டுகிறதா? அது யார் தூளைச் சுமந்து வருகிறது என்று எவராவது திறந்து பார்த்தார்களா?"

"சார், பைக்குள்ள காத்து போகாது," என்றாள் கண்மணி.

"எழுதிக்கோங்க, எழுதிக்கோங்க," என்றார் தனசேகரன். அவள் சொன்னதையா அவர் சொன்னதையா என்று சொல்லவில்லை.

அடுத்த விதைப்புக்குள் வயலின் வடக்குப் பக்கம் முழுக்கத் தகரச் சுவர் எழும்பியது. காகிதப் பை போய்க் கித்தான் பை வந்தது. ஒவ்வொரு பைக்கும் குட்டிப் பூட்டு. கிராஞ்சியில் பெட்டிக்குள் நகை வைத்திருந்தவர்கள்கூட அப்படிப் பூட்டவில்லை. சாவிக் கொத்து காதர் மைதீன் இடுப்பில். ஆம்ப்ரோஸ் கேட்கும்போது கழற்றிக் கொடுப்பார், கொடுத்துவிட்டுத் தகரச் சுவரைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஜொகூரிலிருந்து தகப்பன் வருகிறானா என்று காவல் இருப்பார். வாரியத்துக்குள் யாரும் அவித்த சோளம் கொண்டுவரக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. சட்டையில் ஒட்டிக்கொண்டு தூள் உள்ளே வந்துவிடுமாம். அவித்த சோளத்தில் தூள் ஏது என்று கண்மணி கேட்டாள். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள்.

கதிர் முற்றியது. பூட்டைத் திறந்து உரித்தார்கள். புள்ளி.

இப்போது சந்தேகம் வயலை விட்டு வெளியே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆம்ப்ரோஸும் பிரிஜட்டும் சிராங்கூன் ரோடு பக்கம் நடந்து, தேக்கா மார்க்கெட்டில் காய்கறி வாங்கினார்கள். ரவூப் என்கிற காய்கறிக்காரரிடம் பிரிஜட் நான்கு சோளக் கதிரை எடுத்துக் கூடையில் போட்டாள். போட்டதுதான் தாமதம், பக்கத்துப் பூக்கடையில் தொங்கிய மாலைகளை விலக்கிக்கொண்டு காதர் மைதீன் வெளியே வந்தார். மல்லிகைச் சரம் ஒன்று அவர் காதில் மாட்டிக்கொண்டிருந்தது.

"இந்த ஜாகோங் எந்த ஊரு?"

"கேமரன் மலை," என்றார் ரவூப். "வாங்கப் போறீங்களா, விசாரிக்கப் போறீங்களா?"

காதர் மைதீன் கூடையில் கைவிட்டுக் கதிர்களை எடுத்துத் தோல் பைக்குள் வைத்தார். "எவிடென்ஸ்," என்று ஆம்ப்ரோஸிடம் வருத்தத்தோடு சொன்னார்.

பிரிஜட்டுக்கு வந்ததே கோபம்! "அய்யோ, இது என்ன அக்கிரமம்! வீட்டுல அவிச்சுத் திங்கப் போற சாமானுக்கும் அப்பன் பேரு கேப்பீங்களா? நான் வாங்குன வெண்டிக்காயையும் எடுத்துட்டுப் போங்க, அதுக்கும் அப்பன் இருப்பான்!"

கூட்டம் கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தில் கோயிலுக்கு வருகிற நாலு முகங்கள் இருந்ததை ஆம்ப்ரோஸ் பார்த்தார். ஆம்ப்ரோஸை ஆபீஸில் திருட்டுக்காகத் தேடுகிறார்கள் என்று அடுத்த ஞாயிறே பேச்சு வந்துவிட்டது. பிரிஜட் பூசை முடிந்ததும் யாரோடும் நின்று பேசாமல் வீட்டுக்கு வந்தாள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

வாரியத்தில் மூன்றாம் கட்டம் தொடங்கியது. பிள்ளை சரியாக இல்லை என்றால் நம்மவர்கள் யாரைக் குற்றம் சொல்வார்கள்? பெண்ணைத்தான். "பொண்ணு வீட்டைச் சரியா விசாரிக்காம சம்பந்தம் பண்ணிட்டோம்," என்று தனசேகரன் குழுவில் வருந்தினார். கிராஞ்சிச் சோளம் ஒன்றுவிடாமல் பிடுங்கப்பட்டது. தாய்லாந்திலிருந்து வேறு பெண் வந்தாள். அவளும் வெளுத்த மணிக்காரிதான், நல்ல குடும்பம் என்று சான்றிதழோடு வந்தாள். அவள் பெற்றதும் புள்ளிதான். அவளைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி கிராஞ்சிச் சோளத்தையே நட்டார்கள். மாப்பிள்ளையை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வரிசைக்கு முன்னால் பித்தளையில் பெயர் பொறித்து வைத்திருந்தார்கள், அதைத் துடைப்பதும் ஆம்ப்ரோஸ்தான்.

காற்று, கடைச் சோளம், பெண் எல்லாம் தீர்ந்த பிறகு மிஞ்சியிருந்தது ஆம்ப்ரோஸ் ஒருவர்தான். வேலியே பயிரை மேய்ந்திருக்கலாம் என்று காதர் மைதீனுக்குத் தோன்றியது. மறுபடி கூப்பிட்டார்கள்.

"ஐசி கார்டுல உங்க அப்பா பேரு இயேசுதாசன்னு இருக்கு," என்றார் காதர் மைதீன். "எந்த ஊருக்காரரு? என்ன வேலை பாத்தாரு?"

ஆம்ப்ரோஸ் ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவர். அம்மா அல்போன்சம்மாள் கன்னியர் மடத்தில் துணி துவைத்து அவரை வளர்த்தாள். அப்பா யார் என்று அவள் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. ஞானஸ்நானத்தின்போது அந்த இடத்தை வெறுமையாக விட மனம் வராமல் பங்குச் சாமியார்தான் இயேசுதாசன் என்று எழுதினார். பொய் இல்லை, இயேசுவுக்கு ஊழியம் செய்யாதவர் யார் என்று அவர் நினைத்திருக்கலாம். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று நம்மில் ஒரு பேச்சு உண்டு. வாரியத்தில் மூலம் பார்ப்பதற்குத்தான் சம்பளமே.

"தெரியாது சார்," என்றார் ஆம்ப்ரோஸ்.

"அப்பா யாருன்னே தெரியாதா?" தனசேகரன் குரலில் அதிர்ச்சியைவிட நிம்மதிதான் அதிகம் கேட்டது. ஒரு வருஷமாகத் தேடிய காரணம் கையில் வந்து விழுந்ததே! அவர் எழுந்து மேடைத் தமிழுக்கு மாறினார். "தந்தையை அறியாத ஒருவரிடம் தந்தையைக் காக்கும் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறோம். தவறு நம்முடையது. நாம் சோளத்தைச் சோதித்தோம், மனிதரைச் சோதிக்கவில்லை."

கண்மணி எழுதுகோலைக் கீழே வைத்தாள். "சார், இது அநியாயம்."

"எழுதுங்க மிஸ் கண்மணி."

அவள் எழுதவில்லை. கடைசியில் டைரக்டர் கருணை காட்டினார். தலைவர் இன்னொரு முறை வரப்போகிறார், அந்த அறுவடையும் புள்ளியாக இருந்தால் ஆம்ப்ரோஸ் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

மறுநாள் கண்மணி வயலுக்கே வந்தாள். கித்தான் பைகளுக்கு நடுவில் ஆம்ப்ரோஸ் பக்கத்தில் குந்தினாள்.

"அண்ணே, வெளியாளு யாரும் வரல. அத்தனையும் மாப்பிள்ளை புள்ளைங்கதான்."

"அப்ப ஏன் மிஸ் புள்ளி?"

"நிறத்துக்குன்னு ஒரு ஜீன் இருக்கு. அம்மா வழியா வந்தா மணி முழுக்க நிறத்தைப் போடுது. அதே ஜீன் அப்பா வழியா வந்தா அங்கங்க வேலை செய்யாம தூங்கிடுது. ஜீன் ஒண்ணுதான், வர்ற வழிதான் வேற. அமெரிக்காவுல இதைக் கண்டுபிடிச்சு எழுதிப் பல வருஷம் ஆச்சு."

"டைரக்டர்கிட்ட சொல்லலியா?"

"சொன்னேன். 'மாப்பிள்ளையைப் பொண்ணாக்கச் சொல்றீங்களா? தலைவர் முகத்துல எப்படி முழிக்கிறது?'ன்னாரு. மினிட்ஸ்ல எழுதினேன். மினிட்ஸ் எழுதறவங்க கருத்து மினிட்ஸ்ல வரக்கூடாதுன்னு அடிச்சிட்டாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மாப்பிள்ளைச் செடியில ஒரு வரிசைக் கதிரை மட்டும் கிள்ளாம விடுங்கண்ணே. அதுக்குப் பை மாட்டி, கிராஞ்சிச் சோளத்துத் தூளைப் போடுங்க. முழு ஊதா வரும். நான் பொறுப்பு."

ஆம்ப்ரோஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தகரச் சுவர்ப் பக்கம் பார்த்தார். பூக்கடை மாலைக்குள்ளிருந்தே ஆள் வந்ததைப் பார்த்தவர் அல்லவா! "உங்களை யாரு மிஸ் அனுப்புனது?"

கண்மணி முகம் வாடிவிட்டது. "இந்த வியாதி உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா அண்ணே?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

வீட்டுக்கு வந்து பிரிஜட்டிடம் சொன்னார். அப்பா யார் என்று கேட்டுத் தன் அம்மாவைக் குறைத்துப் பேசியதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். பிரிஜட் மாமியாரோடு பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள், சண்டை போடாத நாள் குறைவு. ஆனாலும் கரண்டியை நங்கென்று வைத்தாள்.

"அவங்களைப் பத்திப் பேச இவனுங்க யாரு? நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளைன்னு ஊரே சொல்லுது. இதைக் கண்டுபிடிக்க ஒரு ஆபீஸு, அதுக்கு ஒரு டைரக்டரு! அந்தப் பொண்ணு சொன்னபடி செய்ங்க."

"மாட்டிக்கிட்டா?"

"புள்ளி வந்தாலும் வேலை போகும். மாத்திச் செஞ்சு மாட்டுனாலும் வேலை போகும். போறதுதான் போகுது, ஊதாவாப் போகட்டும்லா!"

செய்தார். அதைவிடச் சுலபமான வேலை அவர் வாழ்க்கையிலேயே செய்ததில்லை. மாப்பிள்ளைச் செடியில் இருந்தாலும் பெண் செடியில் இருந்தாலும் பூட்டிய கித்தான் பை பூட்டிய கித்தான் பைதானே! காதர் மைதீன் சாவியைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வேலிக்கு வெளியே இருந்து வருகிற தகப்பனைப் பிடிக்கத்தான் அவருக்கு உத்தரவு, வேலிக்குள் நடப்பதைப் பார்க்க உத்தரவு இல்லை.

இரண்டாவது உரிப்பு விழாவுக்குப் பந்தல் சின்னதாகப் போட்டிருந்தார்கள். தலைவர் வந்தார், உட்கார்ந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆம்ப்ரோஸ் பந்தலை ஒட்டிய வரிசையில் ஒரு பூட்டைத் திறந்து, பையை அவிழ்த்து, கதிரை ஒடித்து உரித்தார். ஊதா. நுனியிலிருந்து அடி வரை ஒரு மணிகூடத் தப்பாமல் ஊதா. அடுத்ததும் ஊதா.

கைதட்டல் ஓயும் முன்பே தனசேகரன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"நண்பர்களே! நம்பிக்கையினால் நாம் ஒரு புள்ளியைக்கூட நீக்க முடியவில்லை. சந்தேகத்தினால் அத்தனை புள்ளிகளையும் நீக்கிவிட்டோம்! தகரம் வென்றது, பூட்டு வென்றது, தந்தை வென்றார்!"

"எக்ஸ்கியூஸ் மீ," என்றாள் கண்மணி. எல்லோரும் திரும்பினார்கள். "இது மாப்பிள்ளைச் செடியிலயே காய்ச்ச கதிரு. இதுக்கு மாப்பிள்ளை அப்பா இல்ல, அம்மா. தூளு கிராஞ்சிச் சோளத்துது. நிறம் அம்மா வழியா வந்ததாலதான் முழுசா வந்திருக்கு."

தலைவர் கதிரைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், அதன் முன்னாலிருந்த பித்தளைத் தகட்டைப் பார்த்தார். "தனா, வாட் இஸ் திஸ்?" என்றார்.

தனசேகரன் காதர் மைதீனை இழுத்துக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போனார். கூட்டம் காத்திருந்தது. குழு அவசரமாகக் கூடி முடிவெடுக்கிறது என்று யாரோ சொன்னார்கள். திரும்பி வந்தபோது அவர் முகம் பழையபடி மேடைக்குத் தயாராகியிருந்தது.

"ஒரு சிறு நிர்வாக விளக்கம். மாப்பிள்ளை அவர்கள், தந்தை பதவியிலிருந்து விலகாமலே, வாரியத்தின் நலன் கருதித் தாய்ப் பொறுப்பையும் தற்காலிகமாக ஏற்றிருக்கிறார். அவர் இப்போது ஆக்டிங் தாய். இதனால் அவருடைய சீனியாரிட்டிக்கு எந்தப் பங்கமும் இல்லை. தூள் வழங்கிய கிராஞ்சிச் சோளத்துக்குத் தந்தை ஆவதற்கான தகுதி போதாது. ஆகவே இந்த மணிகளைப் பொறுத்தவரை தந்தை பதவி, தகுந்தவர் கிடைக்கும் வரை காலியாக வைக்கப்படுகிறது."

"வெரி குட்," என்றார் தலைவர். மறுபடி கைதட்டினார்கள். ஆக்டிங் என்றால் இந்த ஊரில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. கார் போன பிறகு மாப்பிள்ளைக்குப் புதிய மாலை போடப்பட்டது.

மறுநாள் காலை டைரக்டர் ஆம்ப்ரோஸை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். காப்பி வந்தது. உத்தரவில்லாமல் மாற்றிச் செய்ததைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. மேசையில் கன்ஃபர்மேஷன் தாள் இருந்தது, கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தித் தயாராக இருந்தது. ஆம்ப்ரோஸுக்குப் பிரிஜட்டின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. இந்த ஞாயிறு அவள் கோயில் வாசலில் நின்று பேசுவாள், சுலபத்தில் வீட்டுக்கு வரமாட்டாள்.

"இன்னொரு சின்ன விஷயம் இருக்கு," என்று தனசேகரன் வேறொரு தாளை நகர்த்தினார். "முன்னாடி மூணு அறுவடையும் புள்ளி வந்துச்சு பாருங்க. இப்ப நம்ம கட்டுப்பாட்டுலதான் சுத்தமா வந்திருக்குன்னு தலைவருக்கு ரிப்போர்ட் போகுது. அப்ப முன்னாடி ஏன் சுத்தமா வரலன்னு ஒரு காரணம் வேணும்ல? ஃபைலை மூடணும். அதனால ஒரே ஒரு வரி. 'தந்தை இன்றி வளர்ந்த வளர்ப்புக் குறையால் பை கட்டுவதில் கவனக்குறைவாக இருந்துவிட்டேன்.' கையெழுத்துப் போட்டுட்டு கன்ஃபர்மேஷன் தாளை எடுத்துட்டுப் போயிடுங்க."

ஆம்ப்ரோஸ் அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார். "பை நல்லாத்தான் சார் கட்டுனேன்."

"எனக்குத் தெரியாதா? இது சும்மா, பேப்பருக்கு."

"வளர்ப்புன்னு எழுதியிருக்கே சார். என்னை வளர்த்தது எங்கம்மா."

"அவங்கதான் போய்ச் சேந்துட்டாங்களே ஆம்ப்ரோஸ். அவங்களுக்கு இதுனால என்ன வந்துடப் போவுது? நீங்க கன்ஃபர்ம் ஆகிறதைப் பாருங்க."

ஆம்ப்ரோஸ் பேனாவை எடுத்தார். எடுத்த கையைப் பார்த்தார். அம்மாவின் கையும் இப்படி உழைத்துத் தேய்ந்த கைதான், சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் முனையெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும். அந்தக் கையால்தான் அவருக்குச் சோறு போட்டாள், சிலுவை போடச் சொல்லிக்கொடுத்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

"சோளத்துக்கு அப்பா இடம் காலின்னு நேத்து மைக்குல சொன்னீங்களே சார், எனக்கும் அப்படியே போட்டுக்குங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எங்கம்மா ஆக்டிங் இல்ல. அவங்க அன்னிக்கே கன்ஃபர்ம்."

இரண்டு தாளையும் மேசையிலேயே விட்டுவிட்டு அவர் வெளியே போய்விட்டார். தனசேகரன் காதர் மைதீனைக் கூப்பிட்டு, இந்த மனிதருக்கு இப்படியெல்லாம் பேச யார் சொல்லிக்கொடுத்தது என்று உடனே விசாரிக்கச் சொன்னார்.